24 ஆணி ஓட்டைகள்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் 24 ஓட்டைகள் இருக்கின்றன. மிளகு உருண்டு போய் உட்காரும் அளவு. மகள் சின்னவளாக இருந்தபோது பிடிக்காத பட்டாணியை ஒவ்வொன்றாக நசுக்கி அதில் அடைத்துவிட்டு, தட்டு காலி என்று தூக்கிக் காட்டுவாள். முதன்முறை வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு ஓட்டையில் விரலை வைப்பார்கள். அடுத்து வரும் கேள்வி எனக்கு மனப்பாடம். "இதையெல்லாம் பட்டி வச்சு அடைச்சிருக்கலாமே?"

அடைத்திருக்கலாம். மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பினால் அரைமணி நேர வேலை. "பழைய வீட்டு மரம், அப்படியே விட்டுட்டோம்" என்று ஒரு சின்னப் பதில் வைத்திருக்கிறேன். அதைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டு சாம்பார் ஊற்றிக்கொள்வார்கள். முழுப் பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. படுக்கையறையில் சுவர் முழுக்க அலமாரி, மேலே மரம் மாதிரி அச்சடித்த மைக்கா. ஒரு முறை வைரல் காய்ச்சலில் மூன்று நாள் படுத்துக் கிடந்தபோது அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவில் ஒரு கணு, கண் மாதிரி. கணுவுக்கு வலப்பக்கம் மீசை மாதிரி ஒரு சின்னக் கீறல். சற்றுத் தள்ளி இன்னொரு கணு. அதற்கும் வலப்பக்கம் அதே மீசை. எண்ணிப் பார்த்தேன், சுவர் முழுக்க 9 முறை. எங்கோ ஒரு மரத்தை ஒரு முறை படம் எடுத்து, அதை உருளையில் ஏற்றி, காகிதத்தில் உருட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். உருளை ஒரு சுற்று முடியும்போதெல்லாம் அதே கணு வந்து நிற்கிறது.

கணு என்றால் கிளை இருந்த இடம். அடிமரம் ஆண்டுக்கு ஆண்டு பருக்கும்போது கிளையின் அடிப்பகுதியையும் உள்ளே வாங்கிக்கொள்கிறது. கிளை உயிரோடு இருந்த காலத்தில் வாங்கியிருந்தால் அந்தக் கணு மரத்தோடு மரமாக இறுகி நிற்கும். கிளை பட்டுப்போன பிறகு அந்த முளையைச் சுற்றி மரம் வளர்ந்திருந்தால் ஒட்டாமல் தனியாக இருக்கும், பலகையாக அறுத்துக் காயவைத்தால் ஒருநாள் பொத்தான் மாதிரி கழன்று விழும். ஆசாரிகள் செத்த கணு என்று ஒதுக்குவது இதைத்தான். எப்படியானாலும் ஒரு கணுவுக்கு ஒரு கிளை. என் அலமாரியில் ஒரே கிளை 9 இடத்தில் முளைத்திருக்கிறது. காய்ச்சல் விட்ட பிறகும் அது என் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த உறுத்தலில்தான் முதல் தப்பைச் செய்தேன். பழைய மரச் சாமான் விற்கும் ஒரு கடையில் அழகான மேசை ஒன்று கண்ணில் பட்டது. மேற்பரப்பு முழுக்கக் குண்டூசித் தலை அளவில் துளைகள். கடைக்காரர் அதைத் தடவிக் காட்டி, "இதுதான் சார் வயசு, இதைக் காசு கொடுத்து உண்டாக்க முடியாது" என்றார். கவிதை மாதிரி இருந்தது, வாங்கிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, காலுக்கு அடியில் மைதா மாவு மாதிரி ஒரு சின்னக் குவியல். துடைத்தால் மறுநாள் மறுபடி. உளு வண்டு. வெளியே தெரிகிற துளை அது உள்ளே போன வழி அல்ல, தின்று முடித்து வெளியேறிய வழி. உள்ளே இன்னும் எத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்து ஊசியால் ஏற்றிப் பார்த்தேன். ஒரு கால் கையோடு வந்துவிட்டது.

சரி, அதில் ஒன்று கற்றுக்கொண்டேன். மரத்தின் நடுப்பகுதியை வைரம் என்கிறோம், பட்டைக்கு உள்ளே இருக்கும் வெளுத்த பகுதி வெளிறு. வெளிற்றில் மாவுச்சத்து உண்டு, உளு வண்டுக்கு அதுதான் சாப்பாடு. தேக்கின் வைரத்தில் இருக்கும் எண்ணெயும் அதிலுள்ள சில வேதிப்பொருள்களும் கரையானுக்கே ஆகாதவை. நான் வாங்கியது பாதிக்கு மேல் வெளிறு, அதில் கருப்புச் சாயம் பூசியிருந்தது. ஆக, ஓட்டை என்றால் எல்லாம் ஓட்டை அல்ல. ஏன் வந்தது என்று கேட்காமல் ஓட்டையை ரசிப்பவன் என்னை மாதிரி காலொடிந்த மேசையோடு நிற்பான்.

அப்புறம் தாத்தா வீடு. தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். 1936-இல் பால் காய்ச்சியதாக ஆச்சி சொல்வாள். வாசலில் திண்ணை, உள்ளே பட்டாசல் என்கிற கூடம், அதை ஒட்டி அடுக்களை, மேலே கொல்லம் ஓடு. பக்கத்துச் செங்கோட்டை அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது, 1956-இல்தான் இந்தப் பக்கம் வந்தது. மலையைத் தாண்டிக் கொல்லம் போகும் ரயில் பாதை 1904-லேயே போட்டாகிவிட்டது. மேற்கிலிருந்து ஓடும் மரமும் வர எங்கள் ஊருக்கு அவ்வளவு வசதி. இன்றைக்கும் செங்கோட்டை என்றால் குற்றாலச் சாரலுக்கு அடுத்து எனக்கு ஞாபகம் வருவது ரம்பம் ஓடும் சத்தமும் ஈரமரத் தூள் வாசனையும்தான்.

தாத்தா போன பிறகு வீடு நாலு பங்காயிற்று. நாலு பங்கு வீட்டில் ஒருவரும் குடியிருப்பதில்லை, அது எங்கும் உள்ள கதை. 2016-இல் சித்தப்பா போன் செய்தார். "எலே, வீட்டைப் பிரிக்கப் போறோம்லா. ஒனக்கு எதுவும் வேணும்னா வந்து எடுத்துக்கோ."

போய்ச் சேர்ந்தபோது முன்கதவு போயிருந்தது. செதுக்கு வேலை உள்ள கதவுக்குத்தான் முதலில் ஆள் வரும், காரைக்குடி வியாபாரி ஒருவர் முந்தின நாளே லாரியில் ஏற்றிவிட்டாராம். தூண்களுக்கும் விலை பேசியாகிவிட்டது. மிச்சம் இருந்தவை கூரை ஓடுகளைத் தாங்கிய தேக்குக் கைமரங்கள், ஒரு வேங்கை மர நிலை, அரங்கு வீடு என்கிற உள்ளறையின் பச்சைப் பெயின்ட் அடித்த ஒற்றைக் கதவு. இவற்றை ஒப்பந்தக்காரரிடம் காசு கொடுத்துத்தான் வாங்கினேன், சொந்த வீட்டு மரத்தை. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா அவ்வளவு சிரமப்படவில்லை. "கூரையில கெடந்த கட்டைய வச்சு என்னத்தச் செய்யப் போற?"

மேசை செய்யப் போகிறேன் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத வராது.

கைமரங்களோடு பக்கத்து ஊர் அறுவை மில்லுக்குப் போனேன். பழைய மரம் என்றதுமே அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். உள்ளே ஒடிந்த ஆணி ஒன்று இருந்தால் போதும், ரம்பத்தின் பல் போய்விடும், தெறித்தால் ஆளுக்கும் ஆபத்து. கடைசியில் ஒருவர், "பிளேடு போச்சுன்னா காசு ஒங்களோடது" என்று எழுதி வாங்காத குறையாக ஒத்துக்கொண்டார். அதற்கு முன் ஆணி பிடுங்கும் வேலை இருந்தது. அதற்காகத்தான் அந்த ஆசாரியிடம் போனேன். அப்போதே அறுபதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அண்ணாச்சியிடம் பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று இருந்தது. அதை நூலில் கட்டி, மரத்துக்கு மேலே அரை அங்குல உயரத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பார். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் லேசாகத் தலையைச் சாய்க்கும். அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். ஆணியைப் பிடுங்கிய இடத்தைச் சுற்றி மை ஊறினது மாதிரி ஒரு கரு வளையம் இருந்தது. துருவும் மரத்தின் துவர்ப்பும் 80 வருஷம் கலந்து உண்டான கறை அது, இழைத்தாலும் போகாது, ஏனென்றால் ஆணி போன ஆழத்துக்கு அதுவும் போயிருக்கிறது.

மூன்று அங்குல அகலம், நாலு அங்குல உயரம் அந்தக் கைமரங்கள். இறவாரப் பக்கம் மழைத்தண்ணீர் சொட்டிச் சொட்டி உளுத்திருந்தது, அதை வெட்டித் தள்ளினார். மிச்சத்தில் ஐந்து கைமரத்திலிருந்து ஐந்தடி நீளத்துக்குத் துண்டுகள் எடுத்து, ஒவ்வொன்றையும் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று மில்லில் இரண்டாக அறுத்து வந்தோம். ஆணி மேலேயிருந்து இறங்கியது, கீழ்ப் பாதிவரை வரவில்லை. எனவே ஐந்து பட்டைகளில் ஓட்டை, ஐந்தில் இல்லை. ஒன்று மாற்றி ஒன்று வைத்து இணைத்தால் இரண்டரை அடி அகலத்தில் மேசைப் பலகை.

ஓட்டையை அடைப்பதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் பட்டறைக்குப் போனபோது பட்டைகள் பத்தையும் தரையில் பரப்பி வைத்திருந்தார். நின்று பார்த்தேன். ஓட்டைகள் சிதறிக் கிடக்கவில்லை. அகலவாட்டில் நேர்கோடாக ஓடின. ஏறத்தாழ ஒரு அடிக்கு ஒரு கோடு, மொத்தம் ஐந்து கோடு.

"என்ன அண்ணாச்சி, அளந்து போட்ட மாதிரி இருக்கு?"

"அளந்து போட்டதுதான் தம்பி. நான் போடல, அவன் போட்டது. ரீப்பர் ஓடுன கோடுல்லா இது. நான் எல்லாக் கைமரத்தையும் மோட்டுலருந்து ஒரே அளவுல வெட்டுனேன், அம்புட்டுத்தான்."

ரீப்பர் என்பது கைமரங்களுக்குக் குறுக்கே அடிக்கும் மெல்லிய சட்டம். ஓடு ஒவ்வொன்றும் அதில் மாட்டிக்கொண்டு நிற்கும். ஓட்டின் நீளத்துக்கு ஏற்ப ரீப்பருக்கு இடைவெளி. ரீப்பர் கைமரத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு ஆணி. ஆக, கூரையில் ஓடு வேய்ந்த கணக்கு முழுக்க அந்த ஓட்டைகளில் இருந்தது. மேசையைப் பார்த்தால் தாத்தா வீட்டுப் பட்டாசலின் கூரையில் ஐந்தடிக்கு இரண்டரை அடியைக் கழற்றிப் படுக்கவைத்தது மாதிரி. என்ன, இடையிடையே கைமரங்கள் நெருங்கி வந்துவிட்டன.

கோடு ஐந்து, பட்டை ஐந்து. ஓட்டை 25 வர வேண்டும். எண்ணினால் 24. மூன்றாவது கோட்டில் ஒரு பட்டை காலி. காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஆணி ஒடிந்து உள்ளே நிற்கவும் இல்லை. 1936-இல் அந்த இடத்தில் ஆணியே அடிக்கவில்லை. பக்கத்துப் பட்டையிலோ ஆணியைக் குறிவைத்த சுத்தியல் தவறி மரத்தில் இறங்கிய தடம், நகம் பதிந்த மாதிரி அரைவட்டமாக இருந்தது. அண்ணாச்சி அந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பொழுது சாஞ்சிருக்கும். இல்லைன்னா எவனாச்சும் கீழேருந்து காப்பி வந்துட்டுன்னு சத்தம் குடுத்திருப்பான்."

பட்டி பார்க்க வேண்டாம் என்று அந்த நிமிஷம் சொன்னேன்.

இந்த மேசையில் உள்ள குறைகளில் பாதி மரத்தினுடையவை, பாதி மனிதர்களுடையவை. மரத்தினுடையதில் ஒன்று வெடிப்பு. ஒரு பட்டையின் முனையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே ஓடியிருந்தது. மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது. குறுக்கே, வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த இழுபறியில்தான் வெடிக்கிறது. மற்ற பல மரங்களைவிடத் தேக்கு இந்த விஷயத்தில் சாது, ஆனாலும் மரம் மரம்தான்.

அண்ணாச்சி வெடிப்பை அடைக்கவில்லை. குறுக்கே ஒரு பள்ளம் எடுத்து, இரண்டு பக்கமும் அகன்று நடுவில் ஒடுங்கிய கட்டை ஒன்றை, உடுக்கை வடிவத்தில், இறுக்கிப் பதித்தார். இனி அந்த வெடிப்பு நீளாது. கட்டைக்கு வேங்கை போட்டதால் நிறம் வேறாகத் துண்டாகத் தெரிந்தது. மறைக்க முயலவே இல்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு ஜார்ஜ் நகாஷிமா ஞாபகம் வந்தார். மரச்சாமான் உலகில் பெரிய பெயர், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர், 1990-இல் காலமானார். பலகையின் வெளி ஓரத்தைச் சீவி நேராக்காமல் மரத்தின் வளைவோடே விடுவதும், வெடிப்பை ஒளிக்காமல் இதே உடுக்கைக் கட்டையால் பிடித்து நிறுத்துவதும் அவர் கையெழுத்து மாதிரி ஆகிவிட்டன. அவர் அமெரிக்காவில் பட்டறை போடுவதற்கு முன்பே, 1930-களின் கடைசியில், புதுச்சேரியில் இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்டா விடுதியை வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட், கட்டுமானத்தை உடனிருந்து பார்த்தவர்களில் நகாஷிமா ஒருவர். அங்கேயே ஆசிரமவாசியாகச் சேர்ந்து, சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அரவிந்தர் அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தா. பிறகு இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்து முகாம்களில் அடைத்தபோது, 1942-இல் இவரையும் குடும்பத்தோடு ஐடஹோவில் அடைத்தது. அந்த முகாமில்தான் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் கைவேலை நுணுக்கங்களைக் கற்றார். நல்ல மரம் ஏது அங்கே, கிடைத்த கழிவுக் கட்டைகளில்தான் வேலை. குறையுள்ள மரத்தை எப்படி மதிப்பது என்று அவருக்கு யாரும் தத்துவம் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னேன். உளியைத் தீட்டிக்கொண்டே கேட்டவர், "பாண்டிச்சேரில சம்பளம் வாங்கலியோ?" என்றார்.

"வாங்கல."

"அப்ப வெடிப்ப அடைக்க ஏன் மெனக்கெடப் போறாரு?"

பேச்சு அதோடு முடிந்தது.

மனிதர்களுடைய குறைகளைப் பார்க்க வேண்டுமானால் மேசைக்கு அடியில் போக வேண்டும். கையால் செய்த சாமானா என்று தெரிந்துகொள்ள நான் இப்போதெல்லாம் எங்கே போனாலும் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பேன், மற்றவர்கள் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை. மிஷினில் வந்தது மேலும் கீழும் ஒரே வழவழப்பு. ஆசாரி செய்தது மேலே கண்ணாடி, கீழே காட்டுமரம். கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் கூலியை வீணாக்க மாட்டார்கள். எங்கள் மேசையின் அடியில் இழைப்புளி ஓடிய பள்ளங்கள் வரிவரியாகக் கைக்குத் தட்டும். கீழ்ப் பாதிப் பட்டை ஒன்றில் உளியால் போட்ட மூன்று வெட்டு இருக்கிறது. எந்தக் கைமரம் எந்த இடத்துக்கு என்று பழைய ஆசாரி போட்டுக்கொண்ட குறி. அதற்குப் பக்கத்தில் நம்ம அண்ணாச்சியின் பென்சில் கணக்கு. இரண்டு பேருக்கும் இடையே 80 வருஷம், நடுவில் ஒரு விரல்கடை.

முனையில் வளையங்களையும் எண்ணிப் பார்த்தேன். தேக்கில் இது எளிது, ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகளாக ஒரு வரிசை வைத்துவிட்டுப் போகும். ஒரு அங்குலத்துக்கு 14. நண்பர் புதிதாக வாங்கிய தேக்குப் பலகையில் 5. நிழலும் போட்டியும் நிறைந்த காட்டில் மெதுவாக வளர்ந்த மரம் என்னுடையது. அவருடையது தண்ணீரும் வெயிலும் தாராளமாகக் கிடைத்த தோட்டத்து மரம். வேகமாக வளர்ந்தது என்பதாலேயே அது சொத்தை என்று சிலர் அடித்துப் பேசுவார்கள், அது முழு உண்மை அல்ல. தேக்கு வேகமாக வளர்ந்தாலும் வைரத்துக்குப் பலம் பெரிதாகக் குறைவதில்லை. சிக்கல் வேறு, 15, 20 வருஷத்தில் வெட்டினால் வைரம் சேர நேரம் இல்லாமல் வெளிறுதான் மிஞ்சும். கேரளத்து நிலம்பூரில் 1840-களில் மலபார் கலெக்டர் கானோலியும் அவரிடம் வேலை பார்த்த சாத்து மேனனும் தேக்கு நட்டபோது தாங்கள் வெட்டிப் பார்ப்போம் என்றா நட்டார்கள்? 1990-களில் நம்மூரில் செய்தித்தாள் விளம்பரம் கொடுத்து, தேக்கு வளர்த்துக் கோடீஸ்வரர் ஆக்குகிறோம் என்று பணம் வாங்கிய கம்பெனிகளுக்குத்தான் அவசரம்.

காட்டு மரம் இனி அவ்வளவு எளிதில் கிடைக்காது. மியான்மர்கூட 2014 ஏப்ரலிலிருந்து வெட்டுமரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. நெருக்கமான வளையம் வேண்டுமென்றால் பிரிக்கிற வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் வழி.

இதைப் படித்துவிட்டு யாரும் செலவு மிச்சம் என்று கிளம்பிவிட வேண்டாம். மரம் மலிவு, கூலி அல்ல. ஆணி பிடுங்க நாலு நாள், மில்லில் கெஞ்சல், உளுத்ததை வெட்டித் தள்ளியதில் சேதாரம், லாரி வாடகை எல்லாம் சேர்த்தால் புது மேசை வாங்கி, கூடவே நாலு நாற்காலியும் வாங்கியிருக்கலாம். தொல்லைகளும் உண்டு. கால்கள் வேங்கை நிலையிலிருந்து எடுத்தவை. வேங்கைக்குச் சாயம் விடும் குணம் உண்டு. மரக்குவளையில் தண்ணீர் ஊற்றிவைத்தால் தேன் நிறமாகிவிடும், சர்க்கரை வியாதிக்கு நல்லதென்று அதை விற்கவே செய்கிறார்கள். எங்கள் வீட்டில் ஈரத்துணி போட்டுத் தரை துடைத்ததும் நாலு காலுக்கும் கீழே நாலு மஞ்சள் பழுப்பு வட்டம், வெள்ளை டைல்ஸில். வீட்டுக்காரருக்கு அட்வான்ஸில் கழித்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது. இப்போது காலுக்கு ரப்பர் புஷ் போட்டிருக்கிறேன்.

பச்சைக் கதவு பெஞ்சானது. அந்தப் பச்சை எனக்கு உயிர். வெயில் பட்ட பக்கம் வெளுத்தும் தாழ்ப்பாளைச் சுற்றி விரல் பட்டுத் தேய்ந்தும் மூன்று தலைமுறைப் பெயின்ட் அடுக்கடுக்காகத் தெரிந்தது. இன்ஸ்டாகிராமில் போட்டால் ஆயிரம் இதயம் விழும். ஆனால் பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கும். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017-இல்தான். சின்னப் பிள்ளை ஏறி உட்கார்ந்து நகத்தால் சுரண்டி வாயில் வைக்கும் இடத்தில் அதை விடுவதா? நனைத்து நனைத்துச் சுரண்டச் சொன்னேன், தூள் பறக்கக் கூடாது என்று. அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு கையளவுப் பச்சையை விட்டு மேலே அரக்கு பாலிஷ் அடித்து மூடிவைத்திருக்கிறோம். எல்லாத் தடத்தையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்கிற பிடிவாதம் எனக்கு இல்லை.

இன்னொன்றும் எனக்கு இல்லை, புதுமரத்தைப் பழசாக்கும் வித்தை மீது மரியாதை. சங்கிலியால் அடித்துத் தழும்பு உண்டாக்குகிறார்கள், குத்தூசியால் பூச்சித் துளை போடுகிறார்கள், ஓரத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துப் பெயின்ட் உரிந்த மாதிரி செய்கிறார்கள். செய்கிறவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்கிறார்கள், செய்கிறார்கள். ஆனால் ஒரு கடையில் அப்படி ஒரு மேசையைப் பார்த்தேன். கைபடாத உள்மூலையில் தேய்மானம், கை ஊன்றுகிற முன்விளிம்பில் ஒன்றுமில்லை. இழுப்பறையைத் திறக்காத பக்கத்தில் நகக்கீறல். அலமாரிக் கணுவின் ஞாபகம் வந்துவிட்டது. இந்தத் தேய்மானத்தை உண்டாக்கியவர் அந்த மேசையில் ஒருநாளாவது உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் எங்கே தேயும் என்று தெரிந்திருக்கும்.

மேசை சித்திரையில் முடிந்தது, சென்னைக்கு வந்தது. ஐப்பசி அடைமழையில் பட்டைகளுக்கு நடுவே இருந்த மயிரிழை இடைவெளிகள் மூடிக்கொண்டன, மாசியில் மறுபடி திறந்தன. அண்ணாச்சி இதை முன்பே சொல்லியிருந்தார். சாரல் காலத்தில் ஊரில் கதவு பிடிப்பதும் பங்குனியில் தானாக விடுவதும் பார்த்து வளர்ந்தவர். பலகையைச் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டாமல், திருகுக்கு நீள்துளை போட்டு, பலகை ஆடுவதற்கு இடம் விட்டிருக்கிறார். "இழுத்துக் கட்டுனா வெடிக்கும் தம்பி. அது பாட்டுக்குப் போயிட்டு வரட்டும்."

அம்மா மறு வருஷம் வந்தபோதுதான் அதைப் பார்த்தாள். சுற்றி வந்தாள். ஓட்டைகளில் விரல் வைத்தாள், எதுவும் சொல்லவில்லை. அப்புறம் சுவரோரமாக இருந்த பட்டையில் கையை வைத்து, "இது அடுக்களைப் பக்கத்துக் கட்டை" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். குனிந்து முகர்ந்து பார்க்கச் சொன்னாள். மற்றவற்றைவிட அந்தப் பட்டை கருப்பு என்பதைக் கவனித்திருந்தேன், அடுக்களையின் விறகுப் புகை என்று யோசித்ததில்லை. இழைத்து, பாலிஷ் அடித்த பிறகும் ஓட்டைக்குள் மூக்கை வைத்தால் லேசாக இருந்தது, பனியில் நனைந்த கரி மாதிரி. அம்மா கல்யாணமாகி வந்த முதல் வருஷம் முழுக்க அந்தக் கட்டைக்குக் கீழேதான் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தாளாம். கண்ணெரிச்சலைத் தவிர அந்தக் காலத்தில் வேறு ஞாபகம் இல்லை என்றாள். வேறு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். காய் நறுக்கப் போய்விட்டாள்.

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அடுப்பிலிருந்து இறக்கிய ரசச் சட்டியை அப்படியே கொண்டு வந்து மேசையில் வைத்தாள். அரக்கு பாலிஷுக்குச் சூடு ஆகாது. சட்டியை எடுத்ததும் பால் ஊற்றின மாதிரி வெள்ளையாக ஒரு வட்டம்.

நான் கத்தவில்லை. ஆனால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன். பருத்தித் துணியை மடித்துப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் லேசாக ஒற்றி எடுத்தால் உள்ளே மாட்டிய ஈரம் போய்ச் சில சமயம் வட்டம் மறையும். ஒற்றினேன், பார்த்தேன், மறுபடி ஒற்றினேன். அரைமணி நேரம். பாதி போனது, மீதி பிறை மாதிரி நின்றுவிட்டது. அடுத்து எண்ணெய் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.

அம்மா மோர் ஊற்றிக்கொண்டே என் மனைவியிடம் சொன்னாள். "இருபத்து நாலு ஓட்டைய அடைக்காம விட்டுட்டு, ஒத்த வட்டத்தத் தேய்க்கானாம் பாரு."